இன்னும் கொஞ்சம் கெடுங்க

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஸ்டூடியோக்காரரின் மனைவிக்கு முகம் சிவந்தது. அந்த நேரத்தில் அவள் வீட்டில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயமே தெரியாது. சிவந்தது ஸ்டூடியோவில், புதிதாக வந்திறங்கிய தட்டை மானிட்டரில். ஒன்பது வருடமாகக் கம்ப்யூட்டரின் முகப்பில் இருந்த படம் அது. ஸ்டூடியோக்காரர் தானே எடுத்து, தானே கலர் பார்த்து, தானே அங்கே வைத்தது. இப்போது கன்னம், மூக்கு, காது எல்லாம் சிவந்து, யாரோ ஏதோ சொல்லிவிட்டு அப்போதுதான் எழுந்து போனதுபோல உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, அக்கா யார்கூட சண்டை போட்டா?" என்றான் மச்சான்.

"சும்மா இரு. இப்பதானே போட்டிருக்கு. கொஞ்சம் சூடானா சரியாயிடும்."

"இது சூடாகாது மாமா. அதுக்குத்தானே வாங்கினது."

மச்சான் என்பது மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் கடையில் வேலை. அக்காள் வீட்டுக்காரருக்கு ஏதாவது நல்லது செய்தே தீரவேண்டும் என்ற வியாதி அவனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். போனமுறை வந்தபோது ஸ்டூடியோ கதவில் ஒரு மணியை ஒட்டிவிட்டுப் போனான். யார் உள்ளே வந்தாலும் அது குருவிபோலக் கத்தும். அதைக் கழற்ற ஸ்டூடியோக்காரருக்கு மனம் வராமல் இல்லை, பசை விடவில்லை.

இந்தமுறை கண் வைத்தது மானிட்டர்மேல். பழையது இருபத்தொரு அங்குல டப்பா. பதினெட்டு வருடம் அந்த மேசையில் குடியிருந்தது. வீட்டில் அதற்குக் குண்டு என்று பெயர். முன்னால் பார்த்தால் ஓரளவு மரியாதையான பெட்டி. பின்னால் ஒரு முதுகு உண்டு, அது முடிய நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த முதுகுக்கு இடம் வேண்டும் என்று மேசையைச் சுவரைவிட்டு ஒன்றரை அடி தள்ளிப் போட்டதில், ஸ்டூடியோக்காரர் தன் சொந்தக் கடையில் பக்கவாட்டில் நடக்கப் பழகியிருந்தார். மேசைப் பலகை நடுவில் தொய்ந்து, பேனா வைத்தால் குண்டை நோக்கி உருண்டு போகும். சுவிட்சைப் போட்டால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம், படம் ஒருமுறை நடுங்கி நிற்கும். அப்புறம் கால் மணி நேரம் காத்திருந்தால்தான் கலர் வரும். வெயில் காலத்தில் பக்கத்தில் உட்கார முடியாது. கிட்டே போனால் முழங்கை முடி எழுந்து நிற்கும். ஊரிலுள்ள தூசியெல்லாம் அதற்கு உறவு. மனைவி அதன் தலைமேல் கைக்குட்டை காயவைப்பாள். இருபது நிமிடத்தில் அப்பளமாகிவிடும். அந்த ஒரு விஷயத்தில்தான் அவளுக்கும் குண்டுக்கும் ஒத்துப்போயிற்று.

ஆனால் கறுப்பு என்றால் கறுப்பாக இருக்கும். முடியில் இருக்கும் கறுப்பு வேறு, கோட்டில் இருக்கும் கறுப்பு வேறு என்று அது பிரித்துக் காட்டும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஆள் ஒரே ஆளாகத்தான் இருப்பான். அந்த முதுகையும் அந்தச் சூட்டையும் ஸ்டூடியோக்காரர் இதற்காகத்தான் பொறுத்துக்கொண்டார்.

"புது மானிட்டர்தான் கோளாறு. திருப்பிக் குடுத்துடு," என்றார் அவர்.

மச்சான் தன் போனில் இருந்த ஒரு படத்தை ஏற்றித் திறந்தான். அவன் முகம், சாதாரணமாக, அவன் எப்படி இருக்கிறானோ அப்படியே, கொஞ்சம் எண்ணெய் வழிந்து. அடுத்து ஸ்டூடியோக்காரர் போன வாரம் முடித்த பாஸ்போர்ட் படங்களைத் திறந்தான். எட்டுப் பேர். எட்டுப் பேரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்து ஏறியவர்கள்போல இருந்தார்கள்.

ஸ்டூடியோக்காரர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். மாதிரிப் படங்களை ஒட்டும் சுவர் அது. பதினெட்டு வருடமாக இடமிருந்து வலமாக ஒட்டிக்கொண்டே வந்திருந்தார். இடது ஓரத்தில் இருந்தவர்கள் நிதானமாக இருந்தார்கள். நடுவில் இருந்தவர்களுக்கு நல்ல செய்தி வந்திருந்தது. வலது ஓரத்தில் இருந்தவர்களுக்கு இரத்தக்கொதிப்பு.

"குண்டுல சிவப்பு கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டே வந்திருக்கு மாமா," என்றான் மச்சான். "நீங்களும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே வந்திருக்கீங்க. அது கம்மியா காட்டும், நீங்க அதிகமா போடுவீங்க. பிரிண்ட் பார்த்தப்போ தெரியலையா?"

தெரிந்தது. ஆனால் அவர் பேப்பரைத்தான் சந்தேகப்பட்டார். பேப்பர்காரன் சிவப்பைக் கொட்டுகிறான் என்று நாலு கம்பெனி மாற்றினார். ஒரு கம்பெனிக்காரனை நேரில் கூப்பிட்டு, நிற்கவைத்து, கலரைப் பற்றி அரைமணி நேரம் வகுப்பெடுத்தார். அவனும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு போனான். அவன் முகம்கூட அன்றைக்குச் சிவந்திருந்தது.

தெருவில் அவருக்கு இருந்த ஒரே பட்டம் 'கண்ணு இருக்கிற ஆள்' என்பது. பெயின்ட் கடைக்காரர் இரண்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரே பச்சைதானா என்று அவரிடம்தான் கேட்பார். தையல்கடைக்காரி நூல் கண்டுகளைக் கொண்டுவந்து நீட்டுவாள். அவரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் தீர்ப்பு சொல்வார். அந்தக் கண்ணை ஒரு பெட்டி பதினெட்டு வருடம் ஏமாற்றியிருக்கிறது.

"குண்டு எங்க?"

"காலையிலேயே வண்டியில ஏத்தி அனுப்பியாச்சு மாமா. ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தார். பல் டாக்டர்."

"பல் டாக்டருக்கு அது எதுக்கு?"

"விளையாட."

அவர் கொஞ்ச நேரம் மேசையின் தொய்ந்த நடுவையே பார்த்தார். குண்டு இருந்த இடத்தில் தூசி இல்லாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

"போகட்டும்," என்றார். "பதினெட்டு வருஷம் போதும்."

அன்று மத்தியானம் கதவில் குருவி கத்தியது. உள்ளே வந்தவர் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. ஆனால் யாரைப் பார்த்தாலும், இவன் வீட்டுப்பாடம் முடித்திருக்கமாட்டான் என்ற பார்வை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கையில் ஒரு பெரிய சட்டமிட்ட படம். கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கி, படத்தில் இருந்தவருக்கு நெற்றியும் ஒரு காதும்தான் மிச்சம், அதுவும் கலர் கரைந்து.

"மாடியில குழாய் உடைஞ்சுது தம்பி. தண்ணி நேரா இவர்மேலதான் இறங்கணுமா? உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான், எங்க ஒழுகினாலும் சரியா அங்க போய் உட்காருவார்."

டீச்சரின் கணவர் ஒன்பது வருடத்துக்கு முன் காலமானவர். பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தது ஸ்டூடியோக்காரர்தான். அன்றைக்கு வைத்துச் செய்த சின்னப் படத்தை டீச்சர் ஒரு புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் முடித்த வேலையை ஸ்டூடியோக்காரரும் பத்திரமாகத்தான் வைத்திருந்தார், சிடியில். அந்த வருடத்துச் சிடிகளின் முதுகு செதில் செதிலாக உரிந்து, இப்போது தட்டு வைக்கத்தான் ஆகும்.

"பையன் சனிக்கிழமை வர்றான்," என்றார் டீச்சர். "ஆறு வருஷம் கழிச்சு. வந்ததும் நேரா அந்தச் சுவரைத்தான் பார்ப்பான். இப்ப அங்க ஆணி மட்டும்தான் இருக்கு. ஆணியைப் பார்த்து 'அப்பா, வந்துட்டேன்'னு சொல்ல முடியுமா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள ரெடி டீச்சர்."

"புதன்கிழமை வந்து பார்க்கிறேன். நீங்க வெள்ளின்னா சனி."

செவ்வாய் முழுக்க உட்கார்ந்தார் ஸ்டூடியோக்காரர். சின்னப் படத்தை ஸ்கேன் செய்து, கீறலைத் துடைத்து, காலரின் மடிப்பைச் சரிசெய்து, முகத்தின் கலரைப் புது மானிட்டரில் பார்த்துப் பார்த்து வைத்தார். கூட ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. எத்தனையோ வருடம் கழித்துச் சரியான கலரில் ஒரு மனிதரைச் செய்துவிட்டோம் என்று அவருக்கு ஒரு நிம்மதி.

புதன்கிழமை டீச்சர் பிரிண்டைக் கையில் வாங்கினார். ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தார்.

"இது யாரு தம்பி?"

"சார்தான் டீச்சர்."

"தெரியுது. ஆனா இது ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி இருந்தவர்."

"படத்துல அப்படித்தான் டீச்சர் இருக்கார். இதுதான் சரியான கலர்."

"சரிதான். உயிரோட இருந்தவரைக்கும் இரத்தசோகை. வெளுத்துத்தான் இருப்பார்." டீச்சர் பிரிண்டை மேசைமேல் வைத்தார். "செத்த பிறகுதான் கொஞ்சம் தேறினார். ஒன்பது வருஷமா நல்லா இருந்தார். நீங்க மறுபடி படுக்கையில போட்டுட்டீங்க."

ஸ்டூடியோக்காரர் நாற்காலியை இழுத்து டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சிவப்பைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டினார். டீச்சர் பார்த்தார். "காய்ச்சல்," என்றார். ஸ்டூடியோக்காரர் குறைத்தார். "வெயில்ல நின்னிருக்கார்." மஞ்சள் கலந்து ஏற்றினார். டீச்சர் வாயைத் திறக்கக் கொஞ்சம் யோசித்து, "இவர் குடிக்கமாட்டார் தம்பி," என்றார். இதில் இன்னொரு சங்கடம், டீச்சர் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தால் படத்தில் இருந்தவருக்கு வேறு கலர், நிமிர்ந்தால் வேறு கலர். "ஒரு நிலையா நிக்கச் சொல்லுங்க அவரை," என்றார் டீச்சர்.

மச்சானும் வந்து தன் பங்குக்குப் புது மானிட்டரின் பட்டனை அமுக்கிச் சிவப்பைக் குறைத்துப் பார்த்தான். வெளிச்சமான இடம் ஒத்துவந்தது. நிழலெல்லாம் பாசி பிடித்தது.

டீச்சர் போன பிறகு ஸ்டூடியோக்காரர் ஒன்பது வருடத்துக்கு முன் செய்ததை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். அன்றைக்கு எவ்வளவு சிவப்பு போட்டார் என்று அவருக்குத் தெரியாது. எண்ணைப் பார்த்து அவர் எப்போதும் போட்டதில்லை. குண்டின் முன்னால் உட்கார்ந்து, முகம் 'இப்ப சரி' என்று தோன்றுகிறவரைக்கும் போடுவார். தோன்றியதும் கையை எடுப்பார். அந்த இடத்தைக் காட்டியது குண்டு. குண்டு இல்லாமல் அந்த இடத்துக்கு வழி தெரியவில்லை.

"மாப்ள," என்றார். "அந்தப் பல் டாக்டர் எங்க இருக்கார்?"

பல் டாக்டரின் கிளினிக் இரண்டு தெரு தள்ளி. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்டூடியோக்காரரும், கம்ப்யூட்டர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மச்சானும் உள்ளே நுழைந்தபோது வரிசையில் நாலு பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாடியில் 'டப், டப், டப்' என்று சுடும் சத்தம் கேட்டது. நாலு பேரும் ஒவ்வொரு 'டப்'புக்கும் ஒருமுறை கண்ணை மூடினார்கள்.

"டாக்டர் இருக்காரா?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"மேலதான் இருக்கார்," என்றார் தாடை வீங்கிய ஒருவர். "இன்னும் அஞ்சு தட்டு பாக்கியாம். உடைச்சுட்டு வருவார்."

மாடி அறையில் மூன்று டப்பா மானிட்டர்கள் முதுகைக் காட்டி நின்றன. நடுவில் வெள்ளைக் கோட்டோடு பல் டாக்டர், கையில் பிளாஸ்டிக் துப்பாக்கி. முப்பத்தைந்து வயதிருக்கும். ஏதோ பழைய வீடியோ கேமில், திரையில் பறந்த தட்டுகளை அவர் சுட்டுக்கொண்டிருந்தார். சுட்டுக்கொண்டிருந்தது குண்டின் திரையில்.

"வாங்க சார், வாங்க," என்றார். "இந்தத் துப்பாக்கியைப் புது மானிட்டர் முன்னாடி நீட்டினா அதுக்குக் கண்ணே தெரியாது. டப்பாதான் வேணும். நான் சுடுறப்பவே தட்டு உடையும், அரை நொடி யோசிக்காது. உங்க மானிட்டர் தங்கம் சார். மூணு நாளா நோயாளிங்களை நான் காக்கவைக்கிறேன்னா பார்த்துக்குங்க."

"டாக்டர், ஒரு உதவி."

"முதல்ல ஒரு நல்ல செய்தி கேளுங்க. சிவப்பு செத்துக் கிடந்துது. பின்னாடி மூடியைத் திறந்து, உள்ள ஒரு சின்னத் திருகு இருக்கு, எழுப்பிட்டேன். இப்ப புதுசு மாதிரி. எனக்குத் திருகுறது, நோண்டுறது எல்லாம் கைவந்த வேலைதானே."

ஸ்டூடியோக்காரர் அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். குண்டின் திரையில் பறந்துகொண்டிருந்த தட்டுகள் கண்கூசும் சிவப்பில் இருந்தன. அவர் அந்தத் திரையில் அப்படி ஒரு சிவப்பைப் பார்த்து எத்தனையோ வருடமாகிறது.

"மறுபடி கெடுக்கணும் டாக்டர்."

"என்னது?"

மச்சான் ஆதியிலிருந்து சொன்னான். டீச்சர், தண்ணீர், ஆணி, சனிக்கிழமை. பல் டாக்டர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"என்கிட்ட வர்றவங்க எல்லாம் சரி பண்ணுங்கன்னுதான் கேட்டிருக்காங்க," என்றார். "கெடுத்துக் குடுங்கன்னு இன்னைக்குத்தான் ஒருத்தர் வந்திருக்கார். சரி, நான் திருப்பினதைத் திருப்பி வச்சுடறேன்."

"அது போதாது," என்றார் ஸ்டூடியோக்காரர். இரவெல்லாம் புரண்டு அவர் கண்டுபிடித்த விஷயம் இது. "போன வாரம் இருந்த கோளாறு இந்த வருஷத்துக் கோளாறு. எனக்கு வேண்டியது ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்த கோளாறு. அப்ப இவ்வளவு முத்தலை."

"அதை எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

அது அவருக்கும் தெரியவில்லை. மச்சான் அதற்குள் கம்ப்யூட்டரைக் குண்டோடு இணைத்துப் போட்டுவிட்டான். 'டொய்ங்' என்றது. படம் ஒருமுறை நடுங்கி நின்றது. திரையில் அக்காள் வந்து உட்கார்ந்தாள், பல் டாக்டர் உயிர் கொடுத்த அத்தனை சிவப்போடும், கோபமாக.

ஸ்டூடியோக்காரர் எழுந்து நின்றார்.

"இதை எந்த வருஷம் முடிச்சேன் மாப்ள?"

"நான் காலேஜ் சேர்ந்த வருஷம். ஒன்பது ஆச்சு."

"டீச்சர் வீட்டுக்காரர் படமும் அந்த வருஷம்தான். ரெண்டும் ஒரே கோளாறுல செஞ்சது." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர், இந்த முகம் அன்னைக்கு இந்தத் திரையில எனக்குச் சரியா தெரிஞ்சுது. அதனாலதான் கையை எடுத்தேன். மறுபடி சரியா தெரியிறவரைக்கும் நீங்க கெடுத்துக்கிட்டே போங்க. நான் நிறுத்தச் சொல்ற இடம்தான் ஒன்பது வருஷத்துக்கு முந்தின மானிட்டர்."

பல் டாக்டர் போய் நீளமான பிளாஸ்டிக் திருப்புளியும், பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியும் எடுத்துவந்தார். பின்மூடியைக் கழற்றினார். "ரெண்டு பேரும் கையைப் பாக்கெட்டுல வச்சுக்குங்க," என்றார். "உள்ள இருக்கிற மின்சாரத்துக்கு யார் விருந்தாளின்னு தெரியாது." இருவரும் வைத்துக்கொண்டார்கள். அந்த முதுகுக்குப் பின்னால் டாக்டரின் தலை மறைந்தது.

"திருப்பறேன். சொல்லுங்க."

"இன்னும் கொஞ்சம் கெடுங்க."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"காது மட்டும் இறங்கியிருக்கு. கன்னம் இறங்கலை. இன்னும் கெடுங்க."

"எனக்கு மூணு தடவையும் ஒரே மாதிரிதான் தெரியுது," என்றான் மச்சான்.

"நீ பேசாதே."

"இப்ப?"

"ஐயோ, தாண்டிட்டீங்க. டைபாய்டுல கிடந்து எழுந்த மாதிரி ஆயிட்டா. பின்னாடி வாங்க. ஒரு முடி அளவு."

அப்போது ஸ்டூடியோக்காரரின் போன் அடித்தது. மனைவி.

"கடைக்குப் போன் போட்டா யாரும் எடுக்கலை. என்ன பண்றீங்க?"

"உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்," என்றார் அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"பல் டாக்டர் மாடியில."

"கடைசியில போனீங்களா? அந்தக் கடைவாய்ப் பல்லைக் காட்டிட்டுத்தான் வரணும், சொல்லிட்டேன். பதினோரு வருஷமா ஒரு பக்கமா மென்னுக்கிட்டு, அதுதான் சாப்பிடற முறைன்னு நினைச்சுக்கிட்டு…"

போனில் ஒலி பெரிதாக இருந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து பல் டாக்டரின் தலை மெல்ல எழுந்தது.

"எந்தப் பக்கம் சார்?"

"நான் மானிட்டருக்குத்தான் வந்தேன் டாக்டர்."

"நான் ரெண்டையும் பார்ப்பேன். மானிட்டரைக் கெடுக்கணும்னா பல்லைச் சரிபண்ணணும். இல்லேன்னா திருப்புளியை வச்சுட்டுப் போய்த் தட்டு உடைக்கிறேன்."

ஸ்டூடியோக்காரர் திரையைப் பார்த்தார். மனைவியின் முகம் வெளுத்து, காத்திருந்தது.

"சரி," என்றார். "ஒரு முடி அளவு பின்னாடி."

திருகு அசைந்தது. மச்சானுக்கு இந்தத் தடவையும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மாமா இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அப்படியே நின்றதைப் பார்த்து அவன் திரும்பவும் திரையைப் பார்த்தான். அக்காள் கோபமாகவும் இல்லை, நோயாகவும் இல்லை. அந்த வருடம், அந்த ஜன்னல் பக்கத்தில், 'எடுத்து முடிச்சாச்சா, அடுப்புல பால் இருக்கு' என்று கேட்பதற்கு ஒரு நொடி முன்னால் எப்படி இருந்தாளோ அப்படி இருந்தாள்.

"நிறுத்துங்க," என்றார் ஸ்டூடியோக்காரர். "இதுதான். இவ்வளவுதான் கெட்டிருந்துது."

பல் டாக்டர் திருகின்மேல் மார்க்கரால் ஒரு சின்னக் கோடு போட்டார். எட்டிப் பார்த்துவிட்டு, "இது கோளாறுன்னு நீங்க சொல்லித்தான் சார் தெரியுது," என்றார். "ஆனா எந்த இடத்துல எவ்வளவு கோளாறுன்னு ஒன்பது வருஷம் கழிச்சு ஒரு முடி தப்பாம சொன்னீங்களே. கண்ணு இருக்கு உங்களுக்கு."

திங்கட்கிழமையிலிருந்து யாரும் அவரிடம் சொல்லாத வார்த்தை அது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே இன்னொருமுறை துடைத்தார்.

டாக்டர் கீழே இறங்கிப் போய் நாலு தாடைகளையும் கவனித்து வந்த நேரத்தில் ஸ்டூடியோக்காரர் டீச்சர் வீட்டுக்காரரை முடித்துவிட்டார். கீறலெல்லாம் ஏற்கெனவே போயிருந்தது. கலர் மட்டும்தான் பாக்கி. வெளுத்த முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். கன்னத்தில் ஒரு பொட்டு, உதட்டில் அதில் பாதி, காது மடலில் தொட்டும் தொடாமலும். கை தானாகப் போயிற்று. 'இப்ப சரி' என்று தோன்றியது. கையை எடுத்தார்.

அப்புறம் கீழே போய் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். அதைப் பற்றி அவர் பின்னால் யாரிடமும் விரிவாகப் பேசவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குருவி கத்தியது. டீச்சர் சொன்ன மாதிரியே, வெள்ளி என்றால் சனி. ஸ்டூடியோக்காரரின் கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அவர் பேசாமல் சட்டம் போட்ட படத்தை எடுத்து மேசைமேல் நிறுத்தினார்.

டீச்சர் பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோகவில்லை. நின்ற இடத்திலேயே பார்த்தார். கைப்பையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டார்," என்றார்.

ஸ்டூடியோக்காரர் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கணக்கு டீச்சர் முன்னால் தப்பான விடையைக் கொடுத்துவிட்டு மார்க் வாங்கிக்கொண்டு போக அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"டீச்சர், உண்மையைச் சொல்லிடறேன். இது சரியான கலர் இல்ல. என் பழைய மானிட்டர்ல சிவப்பு கம்மியா தெரியும், அதனால நான் அதிகமா போட்டுட்டேன். அன்னைக்கும் அப்படித்தான். அது கோளாறு."

வீங்கிய கன்னத்தோடு சொன்னதால் அது பாதிதான் வார்த்தையாக வந்தது. டீச்சருக்கு முழுதும் புரிந்தது. வாயில் எதையாவது அடக்கிக்கொண்டு பேசுகிறவர்களை அவர் முப்பது வருடம் கேட்டவர்.

"முப்பத்தோரு வருஷம் பீட்ரூட் போட்டேன் தம்பி இவருக்கு," என்றார். "ஜூஸா போட்டேன், வேகவச்சுப் போட்டேன், தெரியாம இருக்கட்டும்னு மாவுல பிசைஞ்சுகூடப் போட்டேன். ஒரு சொட்டு ஏறலை. உங்க மானிட்டர் ஏத்துச்சு. அதைப் போய்க் கோளாறுங்கறீங்க."

அவர் படத்தைத் தூக்கவில்லை. பின்னால் இருந்த திரைச்சீலையையும், அதன் முன்னால் இருந்த ஸ்டூலையும் ஒருமுறை பார்த்தார். கைப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் அதில் உட்கார்ந்தார். முடியை ஒருமுறை ஒதுக்கிக்கொண்டார்.

"என்னையும் ஒண்ணு எடுத்துடுங்க."

"எதுக்கு டீச்சர்?"

"பையன் வர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. படம் மெதுவா குடுங்க, அவசரமில்லை. நானா அவசரப்படவும் மாட்டேன். ஆனா என்னைக்காவது இவர் பக்கத்துல மாட்டத்தானே போறாங்க." டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அவரை மட்டும் தேத்திவிட்டுட்டு நான் வெளுத்து நின்னா நல்லா இருக்காது. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல சாப்பிட்ட மாதிரி இருக்கணும்."

ஸ்டூடியோக்காரர் விளக்கைப் போட்டார். கேமராவைத் தூக்கினார். கண்ணாடிக்குள் டீச்சரின் முகம், உள்ளது உள்ளபடி, தெளிவாக இருந்தது. கலர் பார்க்க மறுபடி அந்த மாடிக்குத்தான் போகவேண்டும். வலது பக்கத்திலும் ஒரு பல் இருக்கிறது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"கொஞ்சம் சிரிங்க டீச்சர்."

"முதல்ல நீங்க சிரிங்க தம்பி, பார்க்கலாம்."

அவர் முயன்றார். ஒரு பக்கம் மட்டும் வந்தது. அதைப் பார்த்து டீச்சருக்கு இரண்டு பக்கமும் வந்துவிட்டது, அவர் பட்டனை அமுக்கினார்.